பரங்கிமலைக் கற்சிலுவை

பரங்கிமலைக் கற்சிலுவை என்பது பரங்கிமலை உச்சியிலுள்ள மாதா ஆலயத்தின் பீடத்தில் பதிக்கப்பட்டிருக்கும் பழமையான புடைப்புச் சிற்பம் ஆகும். முன்பு காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி இப்போது சென்னை மாவட்டத்தைச் சேர்ந்தது. இச்சிலுவையைச் சுற்றிப் பொறிக்கப்பட்டுள்ள ஒரு சிறு வாசகம், கல் கிடைத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகே இன்ன எழுத்து என்று அறியப்பட்டது.

கண்டெடுப்பு

ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலம் நடந்துகொண்டிருந்தபோது, 1520களில் போர்த்துக்கீசியர் மயிலாப்பூரில் குடியேறினர். இயேசுவின் சீடரான புனித தோமையார் பரங்கிமலையில் கொல்லப்பட்டார் என்பது மரபு. 1547இல் அம்மலையுச்சியில் ஆலயம் எழுப்ப அடித்தளம் தோண்டியபோது இக்கல் வெளிப்பட்டது. தோமையாரே தம் கையால் இதைச் செதுக்கினார் என மக்கள் நம்பினர். 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலியின்போது கல்லில் இரத்தம் போன்ற ஈரம் கசிந்ததாகப் பதிவு உள்ளது. இத்தகைய நிகழ்வு கடைசியாகப் பதிவானது 1704இல்.

அமைப்பு

சிலுவையின் முனைகள் மொட்டு வடிவில் விரிகின்றன. மேலே ஒரு புறா இறங்குவதுபோல் அமைந்துள்ளது. இரு பக்கத் தூண்களின் மேலுள்ள மகரங்களின் வாயிலிருந்து வளைவு எழுகிறது. காஞ்சி கைலாசநாதர் கோயில் முதலிய பல்லவர் கோயில்களில் காணும் மகர தோரணத்தை இது நினைவூட்டும். அயல்நாட்டுச் சமயச் சின்னம் உள்நாட்டுச் சிற்ப மரபோடு இணைந்ததற்கு இது சான்றாகும்.

வாசகம்

வளைவைச் சுற்றியுள்ள எழுத்தைப் போர்த்துக்கீசியரால் படிக்க இயலவில்லை. விசயநகர நாட்டைச் சேர்ந்த ஒரு பிராமணரிடம் காட்டினர். அவர் தோமையாரின் வருகையையும் மரணத்தையும் விவரிக்கும் நீண்ட வரலாறாக அதை விளக்கினார். கல்லில் இருந்ததோ ஒரே ஒரு வரி. கேட்டவர்கள் எதிர்பார்த்த கதையே விடையாகக் கிடைத்தது.

1873இல் ஆர்தர் பர்னல் என்ற ஆங்கிலேய அறிஞர், இது பண்டைய பாரசீகத்தின் பகலவி எழுத்து என வெளியிட்டார். அவரது பொருள்கோளும் பின்னர் திருத்தப்பட்டது. 1920களின் இறுதியில் வின்க்வொர்த் அளித்த வாசிப்பின்படி, இது சகர்புக்து என்பவரின் மகன் தன்மீது இரங்குமாறு கிறித்துவிடம் வேண்டும் எளிய மன்றாட்டு. பெயரையும் சில சொற்களையும் பிற்கால அறிஞர்கள் வேறாகப் படித்தாலும், ஒரு தனிமனிதரின் வேண்டுதல் என்பது நிலைத்தது.

வரலாற்று முக்கியத்துவம்

எழுத்தமைதி கொண்டு இச்சிலுவை கி.பி. 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்குள் வைக்கப்படுகிறது. ஆகவே இது தோமையார் காலத்தது அன்று. ஆனால் போர்த்துக்கீசியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சோழமண்டலக் கரையில் பாரசீகத் தொடர்புடைய கிறித்தவர்கள் இருந்ததை இது காட்டுகிறது. கோட்டயம் வலியபள்ளி உள்ளிட்ட கேரள ஆலயங்களிலும் இவ்வகைச் சிலுவைகள் உள்ளன. எழுத்தில்லாத, இதை ஒத்த சிலுவையொன்று 1912இல் இலங்கையின் அநுராதபுரத்தில் கிடைத்தது.

கல்லின் பழமையை மிகைப்படுத்திய நம்பிக்கையே அதைப் பீடத்தில் வைத்துக் காத்தது. அவ்வாறு காக்கப்பட்டதால்தான், கடல் கடந்த தொடர்புடைய ஒரு மனிதரின் வேண்டுதலைப் பின்வந்தோரால் படிக்க முடிந்தது. டிசம்பர் 18 இன்றும் இவ்வாலயத்தின் திருவிழா நாளாகும்.