எல்லை கடந்த ஊதியம்



ஒருவர் தம் வீட்டு மேசையின் முன் அமர்ந்து வேலை செய்கிறார். அவருக்குச் சம்பளம் தரும் காரியாலயமோ அடுத்த மாநிலத்தில் இருக்கின்றது. அவருடைய உழைப்பு நிகழ்ந்த இடம் எது? வீடா, காரியாலயமா? வேடிக்கையான வினாப் போலத் தோன்றும் இதனை வைத்துக்கொண்டு ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் நெடுங்காலம் வழக்காடியிருக்கின்றன.

அந்நாட்டில் மத்திய அரசாங்கம் வாங்கும் வருமான வரி வேறு. மாநிலம் வாங்கும் வருமான வரி வேறு. 1911ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலம் இவ்வரியைச் செவ்வனே நடத்திக் காட்டியது. நியூயோர்க் 1919இல் பின்தொடர்ந்தது. ஆனால் நியூ ஹம்ப்ஷயர் போன்ற சில மாநிலங்கள் மக்களின் சம்பளத்தின் மீது இன்றளவும் வரி விதிப்பதில்லை.

அயல் மாநிலத்தவனிடம் வரி கேட்கலாமா என்ற வினாவுக்கு 1920ஆம் ஆண்டு மார்ச்சு முதலாம் திகதி உச்ச நீதிமன்றம் இரு தீர்ப்புகளால் விடை கூறியது. தன் எல்லைக்குள் ஈட்டிய வருமானத்துக்கு வெளியூரானிடமும் வரி வாங்கலாம் என்பது ஒன்று. தன் குடிகளுக்கு அளிக்கும் வரிவிலக்கை வெளியூரானுக்கு மறுத்தலாகாது என்பது மற்றது. சொந்த மாநிலமும் அதே வருமானத்துக்கு வரி கேட்குமாதலால், அயலில் கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொடுக்கும் வழக்கம் பரவலாயிற்று. இக்கழிவை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்வந்த சச்சரவுகளுக்கெல்லாம் இதுவே சாவி.

நியூ ஹம்ப்ஷயர் 1970இல் ஒரு தந்திரம் செய்தது. தன் மக்களிடம் வரி வாங்காத அம்மாநிலம், எல்லை கடந்து வேலைக்கு வருவோரிடம் மட்டும் நூற்றுக்கு நான்கு வீதம் வாங்கலாயிற்று. சொந்த மாநிலத்தில் கட்டவேண்டிய தொகைக்கு மேல் எவரிடமும் வாங்குவதில்லை என்றும் விதித்துக்கொண்டது. மேயின் மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளியின் பையில் இதனால் பெரும் நட்டமில்லை, மேயின் கழித்துக்கொடுத்துவிடும். மேயினுடைய கருவூலத்துப் பணம் ஓசையின்றி நியூ ஹம்ப்ஷயருக்குப் போய்ச் சேரும். மேயின்வாசிகள் சிலர் வழக்குத் தொடுத்தனர். வெளியூரார் மீது மட்டும் சுமத்திய வரி செல்லாது என்று 1975இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளிவிட்டது.

நியூயோர்க்கின் வழி வேறு. அயலிலிருந்து வருவோர் சிலர், சனிக்கிழமை வீட்டில் நாலு கடிதம் எழுதிவிட்டு, அந்த நாளை வரிக்கணக்கிலிருந்து நீக்கும்படி கேட்பார்களே என்று அம்மாநிலம் அஞ்சியது. அவ்வச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆகவே, வேலைகொள்வோரின் தேவைக்காகவன்றித் தன் வசதிக்காக வீட்டிலிருந்து செய்த வேலை, நியூயோர்க்கில் செய்த வேலையாகவே கொள்ளப்படும் என்று விதி செய்தது. ஆனால் சனிக்கிழமைக் கடிதத்துக்காகப் பிறந்த விதி அதனோடு நிற்கவில்லை. தென்புறத்து ரென்னசி மாநிலத்தில் வாழ்ந்த கணினி நிரலாளர் ஒருவர், வேலை நேரத்தில் முக்காற்பங்கைத் தம் ஊரிலும் காற்பங்கை நியூயோர்க்கிலும் கழித்தவர். நியூயோர்க்கோ முழுச் சம்பளத்துக்கும் வரி கேட்டது. ரென்னசியில் சம்பள வரி இல்லை; எனவே கழித்துக்கொள்ள அவருக்கு ஏதுமில்லை. 2005இல் நியூயோர்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நால்வர் மாநிலத்தின் பக்கமும் மூவர் அவர் பக்கமும் நின்றனர். ஒரு வாக்கினால் அவர் தோற்றார்.

2020இல் கொரோனாத் தொற்று காரியாலயங்களை மூடிற்று. பொஸ்ரன் நகருக்கு நாள்தோறும் சென்றுவந்த நியூ ஹம்ப்ஷயர் மக்கள் வீட்டிலிருந்தே வேலை செய்தனர். தொற்றுக்கு முன் எங்கே வேலை செய்தார்களோ அங்கேயே இன்னும் செய்வதாகக் கொள்வோம் என்று மசாசூசெற்ஸ் மாநிலம் அவசர விதி இயற்றி, நூற்றுக்கு ஐந்து வீத வரியைத் தொடர்ந்து வாங்கியது. இது எல்லை கடந்த கொள்ளை என்ற தோரணையில் நியூ ஹம்ப்ஷயர் அவ்வாண்டு ஒக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் படியேறியது. மேயின்காரர் தொழிலாளர் பட்டபாடு அதற்கு அப்பொழுது நினைவிருந்ததோ, யாரறிவார்! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் அல்லவா? எனினும் இம்முறை அதன் முறைப்பாடு வலியதே. அதன் மக்களுக்குக் கழிவு தருவார் இல்லை. வரிச்சுமை முழுவதும் அவர்கள் தலைமேலேயே விழுந்தது.

நியூ ஜேர்சியும் கனெற்றிக்கற்றும் நியூ ஹம்ப்ஷயருக்கு ஆதரவாக எழுதின. அவர்களுடைய கண் பொஸ்ரன் மீதன்று, நியூயோர்க்கின் மீது. நியூயோர்க் வாங்கும் வரியை ஆண்டுதோறும் கழித்துக்கொடுப்பவர்கள் அவர்களே. 2021 ஜூன் 28ஆம் திகதி உச்ச நீதிமன்றம் காரணம் ஏதும் கூறாமல் வழக்கை ஏற்க மறுத்தது. நீதியரசர் இருவர் மட்டுமே ஏற்கவேண்டும் என்றனர். மசாசூசெற்ஸின் அவசர விதி அவ்வாண்டு செப்ரெம்பரில் தானே காலாவதியானது. நியூயோர்க்கின் விதியோ நிலைத்தது.

வழக்குமன்றத்தில் கதவு அடைபடவே அயலவர் வேறு வழி தேடினர். தம்மீது இத்தகைய விதியைப் பிரயோகிக்கும் மாநிலத்தாருக்கு அதே விதியைத் திருப்பிப் பிரயோகிக்கும் சட்டத்தைக் கனெற்றிக்கற் 2018இலேயே இயற்றியிருந்தது. 2023இல் நியூ ஜேர்சியும் அவ்வாறே செய்தது. அதனோடு, அயல் மாநிலத்தின் வரிக்கணக்கை எதிர்த்து வழக்காடி வெல்லும் தன் குடிமக்களுக்கு, அவ்வெற்றியால் தன் கருவூலத்துக்கு வந்துசேரும் வரியில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பதாகவும் அறிவித்தது.