பள்ளிகொண்டா வட்டாரமும் ஆடுகளின் குடற்புழுச் சோகையும்

பாலாற்றங்கரையில், வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே அமைந்த ஊர் பள்ளிகொண்டா. இவ்வட்டாரத்தின் வரலாறு பெரும்பாலும் தோலின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டன் சந்தைக்குச் சென்றது. 1948இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. தோலைத் தந்த ஆட்டின் இரத்தம் பற்றிய பேச்சு குறைவு. கால்நடை மருத்துவத்திலும் மந்தையைச் சில நாளில் அழிக்கும் கொள்ளைநோய்களே முன்னின்றன. 1932இல் தொடங்கப்பட்டு இன்று இராணிப்பேட்டையில் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தின் பணியும் தடுப்பு மருந்து தயாரிப்பதே. மெல்லக் கொல்லும் புழு பின்னுக்குப் போனது.

அப்புழு 'ஈமாங்கசு கண்டார்டசு'. 1803இல் ருடால்பி இதை விவரித்தார். பேரினப் பெயரை 1898இல் காப் வைத்தார். ஆட்டின் நான்காம் இரைப்பையில் தங்கும் ஒவ்வொரு புழுவும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தை இழக்கச் செய்கிறது. ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லிலிட்டர். இருபது கிலோ ஆட்டின் மொத்த இரத்தமோ சுமார் ஒன்றேகால் லிட்டர்தான். ஈமோகுளோபினும் சிவப்பணு விகிதமும் சரிகின்றன. இரத்தப் புரதம் குறைவதால் தாடைக்குக் கீழ் நீர் கோக்கிறது.

இழப்பு இத்துடன் நிற்பதில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. புழுவை எதிர்க்கும் வெள்ளணுக்கள் வினைத்திறன் மிக்க ஆக்சிசன் மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. அவை எஞ்சிய சிவப்பணுக்களின் சவ்வுக் கொழுப்பையும் சிதைக்கின்றன. இதுவே ஆக்சிசனேற்ற அழுத்தம். சிதைவின் அடையாளமான மாலோன்டையால்டிகைடு இரத்தத்தில் உயர்கிறது. காப்புப் பொருளான குளுட்டாதயோன் குறைகிறது. அதாவது, குடித்தது போக மிஞ்சிய இரத்தமும் பழுதாகிறது.

1961இல் வந்த தயாபெண்டசோல் பெரும் நம்பிக்கை அளித்தது. மூன்றே ஆண்டுகளில், 1964இல், அதற்கு மசியாத புழுக்கள் அமெரிக்காவில் பதிவாயின. மந்தை முழுவதற்கும் மாதந்தோறும் மருந்தூற்றும் வழக்கம் இச்சிக்கலை வளர்க்கவே செய்தது.

மாற்று வழி 1990களில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. பஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரின் பெயரால் 'ஃபமாச்சா' எனப்படும் ஐந்து நிற அட்டையுடன் ஆட்டின் கீழிமை உட்புற நிறத்தை ஒப்பிட வேண்டும். சிவந்திருந்தால் மருந்து வேண்டாம். வெளுத்த ஆட்டுக்கு மட்டும் கொடுக்கலாம். ஆய்வகம் தொலைவிலுள்ள மேய்ப்பருக்கு இது பெரிய வசதி. ஆனால் நத்தை வாழும் தேங்குநீரோரம் மேயும் ஆடுகளில் கல்லீரல் தட்டைப்புழுவாலும் இமை வெளுக்கும். அங்கே சாணப் பரிசோதனையும் தேவை.