பெயர் கேட்ட தூதர்கள்

இங்கிலாந்து அரசன் ஜானின் தாய் எலியனோரை லூசிஞான் பிரபு ஊக்கின் பிடியில் விட்டுவிட்டு வந்தோம், நினைவிருக்கிறதா? வழிமறித்தவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். லா மார்ஷ் சீமை வேண்டும். கொடுத்தால் பயணம் தொடரலாம்.

என்ன செய்தார் எலியனோர்?

கொடுத்துவிட்டார்.

ஒரு சீமையையே தூக்கிக் கொடுத்தார். எண்பதை நெருங்கும் அந்தப் பெண்மணிக்கு அப்போது நிலத்தைவிட நேரம் பெரிது. பிரெனீஸ் மலைக்கு அப்பால் ஒரு கல்யாணப் பெண் காத்திருந்தாள். அந்தப் பெண் வந்தால்தான் மகன் ஜானுக்கும் பிரெஞ்சு அரசன் பிலிப்புக்கும் இடையே சமாதானம். தாமதமானால் போர்.

ஒப்பந்தம் இவ்வளவுதான்: ஜானின் அக்காள் மகள்களில் ஒருத்தியை பிலிப்பின் மகன் லூயிக்குக் கட்டிவைக்க வேண்டும். கடுங்குளிர்காலம். மலைப்பாதை முழுக்கப் பனி. தூதர்களை மட்டும் அனுப்பியிருக்கலாம். பெண் பார்க்கக் கிழவியே ஏன் புறப்பட்டார்?

காரணம் இருந்தது. எலியனோர் பெற்றது பத்துப் பிள்ளைகள். அதில் எட்டுப் பேரைப் பறிகொடுத்துவிட்டார். முந்தின ஆண்டில் மட்டும் இரண்டு சாவு. செல்ல மகன் ரிச்சர்ட் அம்புக் காயத்தில் போனார். மகள் ஜோன் பிரசவத்தில் போனாள். மிச்சம் இருந்தவர்கள் இருவர். ஒருவர் ஜான். இன்னொருத்தி காஸ்டில் நாட்டின் அரசி லெயோனோர். சிறுமியாக அனுப்பிவைத்த மகள். முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. சாவதற்குள் ஒருமுறை அவள் முகத்தைப் பார்க்க எந்தத் தாய்க்குத்தான் ஆசை இருக்காது?

இன்னொரு கணக்கும் இருந்தது. மாப்பிள்ளைப் பையன் லூயி யாருடைய பேரன்? எலியனோர் விட்டுப் பிரிந்து வந்த முதல் கணவர் ஏழாம் லூயியின் பேரன். தான் வேண்டாம் என்று உதறிய வீட்டுக்குத் தன் பேத்தியை அரசியாக அனுப்பப் போகிறார். அந்தப் பெண் சாதாரணமானவளாக இருந்தால் போதுமா? அந்த வீட்டின் குளிரையும் குணத்தையும் அறிந்தவர் அவர் ஒருவரே. தேர்வை வேறு யாரிடமும் விட அவருக்கு மனமில்லை.

காஸ்டில் வந்து சேர்ந்தார். தாயும் மகளும் கட்டிக்கொண்டார்கள். அழுகையும் விருந்துமாக நாட்கள் நகர்ந்தன.

பிறகு பேத்திகள் வந்து நின்றார்கள்.

மூத்தவள் பெரெங்கேலாவுக்கு ஏற்கெனவே லெயோன் அரசனுடன் கல்யாணம் ஆகிவிட்டது. மணவயதில் மீதி இருந்தவர்கள் இரண்டு பேர். அக்காளுக்கு ஏறக்குறைய பதின்மூன்று வயது. தங்கைக்குப் பன்னிரண்டு. முறைப்படி பார்த்தால் அக்காளுக்குத்தான் முதல் உரிமை. அழகிலும் அவள் ஒரு படி மேல் என்றே கதை சொல்கிறது. பிரெஞ்சு மகுடம் அவள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு தடை.

அவள் பெயர் உர்ராக்கா.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். இந்தப் பெயரை அறிந்தால்தான் அந்த அவையில் நடந்தது புரியும். காஸ்டில், லெயோன், நவார்ரா, போர்ச்சுகல் என்று அந்த மண் முழுக்க அரண்மனைகளில் உர்ராக்காக்கள் பிறந்துகொண்டே இருந்தார்கள். ஒரு உர்ராக்கா, ஒருவர் பின் ஒருவராக மூன்று அரசர்களை மணந்து மூன்று முறை அரசியானவள். இன்னொருத்தி ஸமோரா கோட்டைக்குள் இருந்துகொண்டு, முற்றுகையிட்ட சொந்தத் தம்பி படையையே தாக்குப்பிடித்தவள். அவர்களுக்கெல்லாம் மேலாக ஒருத்தி. இந்தச் சிறுமியின் கொள்ளுப்பாட்டனைப் பெற்ற தாய். 1109 முதல் 1126 வரை லெயோனையும் காஸ்டிலையும் தன் சொந்த உரிமையில் ஆண்ட பேரரசி உர்ராக்கா. கட்டிய கணவன் அரகோன் அரசன் நாட்டைக் கைப்பற்றப் பார்த்தபோது, அவனுக்கு எதிராகவே படை திரட்டி நின்றவள்!

பெயரின் வேர் எது? பாஸ்க் மொழி பேசும் மலைநாட்டில் பிறந்த பெயர் என்பார்கள் சிலர். மறுப்பவர்களும் உண்டு. இன்றைய ஸ்பானிய மொழியில் உர்ராக்கா என்றால் ஒரு பறவை. காக்கை இனம். கறுப்பும் வெள்ளையுமான உடல், நீண்ட வால், ஓயாத வாய். பறவையின் பெயரைத்தான் பெண்களுக்கு வைத்தார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஸ்பானிய அகராதி சொல்வது தலைகீழ். முதலில் வந்தது பெண்ணின் பெயர். பறவைக்கு ஒட்டியது பிறகு. வீட்டுக் கிளிக்கு மீனாட்சி என்று பெயர் வைத்து, காலப்போக்கில் ஊரில் உள்ள கிளிகளையெல்லாம் மீனாட்சி என்றே அழைத்ததைப் போல!

ஆக, காஸ்டில் காதுக்கு அது மகுடத்தின் ஓசை.

பிரெஞ்சுக் காதுக்கு?

பிரெஞ்சுத் தூதர்கள் இரண்டு பெண்களையும் பார்த்தார்கள். மூத்தவள்மேல்தான் முதலில் கண் போனது. பெயர் என்ன என்று கேட்டார்கள். சொன்னார்கள். தூதர்கள் முகம் மாறியது. அந்தப் பெயர் எங்கள் நாட்டில் எடுபடாது, ஜனங்கள் நாவில் ஏறாது என்று தயங்கினார்கள். இளையவள் பெயரைக் கேட்டார்கள்.

பிளாங்கா.

வெண்மை என்று பொருள். பிரெஞ்சிலும் அதே சொல் இருக்கிறது. ஓசைதான் சற்று மாறும்: பிளான்ஷ். நாக்கு தடுக்காத பெயர். பெயர் பிடித்தது, பெண் நிச்சயமானாள். பிற்காலத்துக் காஸ்டில் வரலாற்றேடு நமக்குச் சொல்லும் கதை இது.

சம்பவம் நடந்து வெகுகாலம் கழித்து எழுதப்பட்ட ஏடு அது. அதனால் வரலாற்றாசிரியர்கள் வேறு காரணங்களையும் தேடுகிறார்கள். அக்காளுக்குப் போர்ச்சுகல் சம்பந்தம் அப்போதே பேச்சில் இருந்திருக்கலாம் என்பது ஒன்று. எலியனோரின் கண்தான் தீர்மானித்தது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதில்தான் மனம் நிற்கிறது. அவரே அந்நிய அரண்மனையில் வாழ்ந்தவர். சிரிப்பதற்கும் பேசுவதற்கும்கூடக் குற்றம் காணும் அவையைப் பார்த்தவர். பரிவாரம் வாசலில் கால் வைக்குமுன்பே புதுப்பெண்ணின் பெயர் உள்ளே போய்விடும். அதைக் கேட்டே முகம் சுளிக்கும் வீட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் எப்படிக் காலூன்றுவாள்? ஒரு முள்ளையாவது குறைத்து அனுப்புவோம் என்று பாட்டி எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

பாட்டியும் பேத்தியும் வடக்கே கிளம்பினார்கள். அக்காள் வீட்டிலேயே நின்றாள்.

வழி சுலபமாக இல்லை. போர்தோ நகரில் ஈஸ்டருக்குத் தங்கினார்கள். அங்கேதான் ரிச்சர்டின் பழைய கூலிப்படைத் தலைவன் மெர்காதியே தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டான். எலியனோர் உடலும் மனமும் தளர்ந்தார். ஃபோன்தெவ்ரோ மடத்தில் தங்கிவிட்டார். அதற்கு மேல் சிறுமியை அழைத்துச் சென்றவர் போர்தோ பேராயர்.

கல்யாணத்திலும் ஒரு சிக்கல். மனைவி இங்கெபோர்க்கைத் தள்ளிவைத்த குற்றத்துக்காக பிலிப்பின் நாடு முழுவதற்கும் போப்பின் தடை. கோயில்களில் சடங்குகள் கிடையாது. இளவரசன் கல்யாணத்தை அவன் சொந்த மண்ணில் நடத்த வழியில்லை! எல்லை தாண்டி, ஜானின் நார்மண்டியில் போர்மோர் என்ற சிற்றூரில் மோதிரம் மாற்றினார்கள். தேதி 1200 மே 23. பிளாங்கா அன்று பிளான்ஷ் ஆனாள்.

இனிதான் கேளுங்கள்.

இருபத்தாறு ஆண்டுகள் கழித்துக் கணவன் இறந்தான். மகனுக்குப் பன்னிரண்டே வயது. அந்நியப் பெண், அதுவும் ஒரு ஸ்பானியக்காரி நம்மை ஆள்வதா என்று பிரபுக்கள் திமிறினார்கள். பிளான்ஷ் அசையவில்லை. படையோடு போனாள். பேசிப் பிரித்தாள், பணிய வைத்தாள். நாட்டைச் சிந்தாமல் சிதறாமல் மகன் கையில் கொடுத்தாள். அந்த மகன்தான் பின்னாளில் புனிதராகப் போற்றப்பட்ட ஒன்பதாம் லூயி. அவன் சிலுவைப்போருக்குப் போனபோது மறுபடியும் ஆண்டவள் அவளே.

யார் இவள்? கணவனுக்கு எதிராகவே படை நடத்திய உர்ராக்காவின் வாரிசு அல்லவா! தூதர்கள் பெயரைத்தான் மலைக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தார்கள். ரத்தம் கூடவே வந்துவிட்டது.

சரி, அக்காள் என்ன ஆனாள்?

போர்ச்சுகல் இளவரசன் அஃபோன்சோவை மணந்தாள். 1211ல் அரசியானாள். அந்த நாட்டுக்கு அவள் பெயரில் எந்தச் சங்கடமும் இல்லை. அசிசி பிரான்சிசின் சீடர்களுக்கு ஆதரவாக நின்றாள். மொரோக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து துறவிகளின் உடல்கள் கொயிம்ப்ராவுக்கு வந்தது அவள் வாழ்ந்த நாளில்தான். அந்தக் காட்சி உள்ளூர் மடத்து இளம் துறவி ஒருவரை உலுக்கியது. அவர் சபை மாறினார், பெயரையும் மாற்றிக்கொண்டார். அவர்தான் நம் ஊர்களில் கோடி அற்புதர் என்று கும்பிடப்படும் அந்தோணியார்.

அதே ஆண்டில், 1220ல், உர்ராக்கா கண்மூடினாள். பின்னால் விட்டுச்சென்ற மகளின் பெயர் லெயோனோர். தன் தாயின் பெயர், பாட்டியின் பெயர். தன் பெயரை அவள் மகளுக்கு வைக்கவில்லை. காரணம் அவள் மனதுக்கே வெளிச்சம். அடுத்தடுத்த தலைமுறைகளில் அந்தப் பெயர் அரண்மனைகளில் அருகியது. இன்று ஸ்பெயினில் உர்ராக்கா என்றால் மரத்தில் கத்தும் பறவைதான் நினைவுக்கு வரும். குழந்தைக்கு அந்தப் பெயர் வைப்பவர் மிக அரிது. பிளாங்காவோ இன்றும் வீடுதோறும் ஒலிக்கிறாள்.

அக்காள் தங்கை கதை இதோடு முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

உர்ராக்காவுக்கு மகன்கள் உண்டு. மூத்தவன் சாஞ்சோ போர்ச்சுகல் அரியணையில் அமர்ந்தான். இளையவன் அஃபோன்சோவுக்கு அங்கே பங்கில்லை. பிழைப்புத் தேடி அவன் எங்கே வந்தான் தெரியுமா? பாரிசுக்கு. சித்தி பிளான்ஷின் அரண்மனைக்கு! தன் அக்காளுக்குக் கிடைக்காமல் போன வீட்டின் கதவை அக்காள் மகனுக்குத் திறந்துவிட்டாள் அவள். பெண் பார்த்துக் கல்யாணமும் முடித்துவைத்தாள்.

பிறகு 1245ல் போர்ச்சுகலிலிருந்து ஆயர்கள் பாரிசுக்கு வந்தார்கள். சாஞ்சோவிடமிருந்து ஆட்சிப் பொறுப்பைப் பறிக்கும் போப்பின் ஆணை பிறந்துவிட்டிருந்தது. அவர்கள் அஃபோன்சோவிடம் கேட்டது இதுதான்: அண்ணன் நாட்டைப் பிடிக்க வருகிறாயா?

இருவரும் உர்ராக்கா பெற்ற பிள்ளைகள். ஒருவன் வாளெடுத்தால் மற்றவன் வீழ்வான். அஃபோன்சோ கையை உயர்த்தி எடுத்த சத்தியம் என்ன?

அடுத்த வாரம் சொல்கிறேன்.