ஜப்பான் பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுத்த புனே மிட்ஃபீல்டர்: யார் இந்த அராட்டா இசுமி?

வெளிநாட்டில் வளர்ந்த இந்திய வம்சாவளி வீரர்களை நம்ம ஃபுட்பால் டீமில் ஏன் சேர்ப்பதில்லை? ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இந்தக் கேள்வி வருகிறது. அராட்டா இசுமியின் கதையில் இதற்குப் பதில் இருக்கிறது.

யார் இவர்?
1982-ல் ஜப்பானில் பிறந்த மிட்ஃபீல்டர். அப்பா இந்திய வம்சாவளி, அம்மா ஜப்பானியர். சிங்கப்பூரில் ஆடிவிட்டு 2006-ல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். அடுத்து மஹிந்திரா யுனைடெட். 2009-ல் புனே எஃப்.சி. அந்த அணி 2012-13 ஐ-லீக்கில் 2-வது இடம் பிடித்தது.

சிக்கல் எங்கே?
இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் இங்கே வேலை பார்க்கலாம். ஆனால், இந்திய அணிக்கு ஆட இந்திய பாஸ்போர்ட் கட்டாயம்.

என்ன செய்தார்?
ஜப்பான் குடியுரிமையைத் துறந்தார். 2013 பிப்ரவரியில் கொச்சியில் பாலஸ்தீனத்துக்கு எதிராக இந்திய ஜெர்சி அணிந்தபோது அவருக்கு வயது 30. மிட்ஃபீல்டருக்கு அது கொஞ்சம் லேட்தான். பின்னர் ஐ.எஸ்.எல்-லில் கொல்கத்தா, புனே, கேரளா அணிகளுக்கும் ஆடினார்.

இப்போது?
2025-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸும் இதே வழியில் இந்திய பாஸ்போர்ட் வாங்கினார். இப்படி வருபவர்கள் ஏன் குறைவு என்பது, பி.ஆர்., சிட்டிசன்ஷிப் என்று கணக்குப் போட்டவர்களுக்குப் புரியும். இந்திய பாஸ்போர்ட்டோடு ஜப்பான் போக விசா வேண்டும். பிறந்த ஊராக இருந்தாலும் சரி.