லயமும் முற்றமும்

பாடசாலைக்கு அழுக்குக் கையோடும் உறக்கம் தெளியாத கண்களோடும் வரும் குழந்தையைக் கண்டால், அதன் தாயைக் குறை கூறுவது நம்மிற் பலரின் வழக்கம். ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் யானும் அவ்வாறே கூறியதுண்டு. நெளுக்குளத்தைச் சூழ்ந்த வவுனியா மாவட்டத்திற் குடியேறிய மலையக மக்களின் வரலாற்றைக் கற்ற பின்னரே அது பிழையென உணர்ந்தேன்.

19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவினின்றும் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்துவரப்பட்ட தொழிலாளர் லயங்களிற் குடியமர்த்தப்பட்டனர். ஒரு குடும்பத்திற்கு ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான காம்பரா ஒன்றே. சமையல், உறக்கம், பிள்ளைப்பேறு, பிணி யாவும் அதனுள்ளேதான். காற்றோட்டம் அரிதான அவ்வறையில் விறகுப் புகை குழந்தையின் நெஞ்சை வருத்தியது. ஒருவருக்கு வந்த இருமல் அனைவரையும் பற்றியது.

கழிப்பிட வசதி குன்றிய லயங்களில், வெறுங்காலோடு திரிந்த சிறார் உடலிற் கொழுக்கிப்புழு புகுந்து இரத்தச்சோகையை விளைவித்தது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கிற்று. மருந்து புழுவை அகற்றியது. ஆனால் நிலம் மாசுற்றே இருந்த இடங்களில் அது மீண்டும் புகுந்தது. உறைவிடம் திருந்தாது மருந்து மட்டும் நிலையான பயன் தராது என்பதை அன்றே கண்டனர்.

தாயும் தந்தையும் விடியலில் மலையேறினர். கைக்குழந்தை பிள்ளை மடுவத்தில் விடப்பட்டது. அங்கே முதிய பெண்ணொருத்தி பல குழந்தைகளைக் காத்தாள். குழந்தை பசித்து அழும் வேளையிலன்று, வேலை இடைவிட்ட வேளையிலேயே தாய் வந்து பாலூட்ட முடிந்தது. இதனைத் தாயின் அசட்டை என்பது தகுமா?

1977ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின்னர் மலையகக் குடும்பங்கள் பல வன்னிக்கு வந்தன. காந்தீயம் இயக்கம் அவர்களின் குடியேற்றத்திற்கு உதவியதோடு, சிறாருக்கு முன்பள்ளிகளையும் நடத்தியது. முற்றமும் கிணறும் தமக்கென வாய்க்கப்பெற்றவர்களின் பிள்ளைகள் வெளியில் ஓடியாடவும், உண்ணுமுன் கை கழுவவும் பழகினர்.

எனினும் 2009ஆம் ஆண்டில் வரலாறு மீண்டும் திரும்பியது. போரினால் இடம்பெயர்ந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் வவுனியாவை அண்டிய முகாம்களில் தங்க நேர்ந்தது. செட்டிகுளம் மெனிக் பாமிற் கூடாரங்கள் நெருங்கின. நீருக்கு வரிசை நீண்டது. வயிற்றோட்டமும் செங்கண்மாரியும் கொப்புளிப்பானும் பரவின. முற்றத்தில் வளர்ந்த பிள்ளைகளும் லயத்தில் வளர்ந்தோர் அடைந்த இடரையே அடைந்தனர். 2012ஆம் ஆண்டு செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது.

ஆகவே, ஆசிரியர்களே, பெற்றோரே, குழந்தையின் பழக்கத்தைக் கண்டிக்குமுன் சிலவற்றை வினவுங்கள். வீட்டில் நீர் உண்டா? உறங்க இடம் உண்டா? தாய் தொழிலுக்குச் சென்றபின் பிள்ளையைக் காப்பவர் யார்? விடை கிடைத்தால், செய்ய வேண்டிய உதவியும் தானே புலப்படும்.