வைக்கோல் அவிந்த மண்

வாழைச்சேனைக் கடதாசி ஆலை மரத்தை நம்பி எழுந்ததல்ல. மட்டக்களப்பு வயல்களில் சூடடித்து மிஞ்சிய வைக்கோலும், காட்டோரம் வளர்ந்த இலுக்குப் புல்லும்தான் அதன் மூலப்பொருள். 1948 முதல் 1953 வரை ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில், மீன்பிடி அமைச்சராக இருந்தார். அவர் காலத்தோடு சேர்த்து மூன்று ஆலைகளைப் பேசுவார்கள்: காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி. 1950களின் நடுப்பகுதியில் இங்கே உற்பத்தி தொடங்கியது. என் அப்பாவும் அங்கே கூழ்ப்பகுதியில் வேலை செய்தவர். எங்கள் வீட்டு அடுப்பு அந்தச் சம்பளத்தில்தான் எரிந்தது. ஆலையைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் முதல் உரிமை அது. இரண்டாவது, நான் படிப்பித்த இரசாயனம்.

வைக்கோலைக் கொஸ்டிக் சோடாவோடு சேர்த்து, நீராவி அழுத்தத்தில் அவிப்பார்கள். நார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் கரைந்து வெளியேறும், நார் கூழாகும். கரைந்தது முழுவதும் கறுத்த, வழுவழுப்பான காரநீராக மிஞ்சும். "கறுப்புத் தண்ணி எண்டுதான் புள்ள நாங்க சொல்லுவம். கையில பட்டா சவுக்காரம் மாதிரி வழுக்கும்" என்று அப்பாவோடு வேலை செய்த மாமா ஒருவர் என்னிடம் சொன்னார்.

மரக்கூழ் ஆலைகளில் இந்த நீரைச் சுண்டவைத்து எரித்து, சோடாவை மீட்டு எடுத்துவிடலாம். வைக்கோலில் அது இலகுவல்ல. நெல் வைக்கோலின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சிலிக்கா. நீரைச் சுண்டவைக்கும்போது அது கெட்டியாகிக் குழாய்களுக்குள் கல்லாகப் படிந்துவிடும். அதனால்தான் உலகின் பல வைக்கோல் ஆலைகளில் கறுப்புத் தண்ணி ஆற்றுக்கே போய்ச் சேர்ந்தது. சீனாவில் ஹுவாய் ஆறு இதனால் நாறிப்போக, 1996இல் சிறிய கூழ் ஆலைகளை அரசே மூட வேண்டியதாயிற்று. வாழைச்சேனை வாவியில் ஆலைக் கழிவு கலந்ததும் நாட்டின் சூழல் அறிக்கைகளில் நெடுநாளாகப் பேசப்படும் செய்தி. தேசிய சுற்றாடல் சட்டம் வந்ததே 1980இல்தான். அதற்கு முந்திய கால் நூற்றாண்டில் எவ்வளவு வெளியேறியது என்று அளக்கச் சொல்ல அப்படியொரு சட்டம் இருக்கவில்லை. நான் இதை வேலை செய்தவர்கள் தலையில் சுமத்தமாட்டேன். அவர்கள் நாட்டின் பிள்ளைகளுக்குக் கொப்பி செய்தார்கள்.

பிறகு போர் வந்தது. இயந்திரங்கள் நின்றும் ஓடியும் தேய்ந்தன. பின்னர் நெடுங்காலம் மூடிக்கிடந்த ஆலையைக் கழிவுக் கடதாசியைக் கொண்டு மீண்டும் இயக்கும் முயற்சி 2021இல் நடந்தது. அந்த வளவில் இனி எது வந்தாலும், அதற்கு முன் மண்ணையும் கிணற்று நீரையும் சோதிக்கவேண்டும் என்பதே என் கட்சி.

ஏனென்றால் இந்தக் கரை மணல். மாரிமழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. துரவும் கட்டுக்கிணறும் அதைத்தான் தருகின்றன. மேலே கொட்டியது எதுவும் கீழே போக நாளெடுக்காது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடல் புகுந்த கிணறுகளை உதவ வந்தவர்கள் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். இறைக்க இறைக்கச் சில இடங்களில் அடியிலிருந்து உப்பு மேலேறியது. நல்ல மனதோடு செய்த வேலை, நிலத்தடியை அறியாததால் பிழைத்தது. ஆலை வளவில் மாதிரி எடுப்பவர்களும் கிணற்றை மடமடவென்று இறைக்காமல், மெதுவாகவே நீரெடுக்க வேண்டும். மாரியில் ஒருமுறை, ஆவணி வறட்சியில் ஒருமுறை என்று எடுத்தால்தான் உண்மை தெரியும்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தது. சனங்களின் மூக்கே முதலில் கண்டுபிடித்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், அங்கிருந்த மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமென 2019இல் தீர்ப்பானது. சோடாவுக்கு அப்படி மணமில்லை. வாவிக்கரையில் உப்பு எப்போதும் இருப்பதால், நீர் கரித்தாலும் "வாவி ஊறியிருக்கும்" என்று விட்டுவிடுவோம். இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. கடல்நீரில் குளோரைட்டு அயன் நூறு இருந்தால் சோடியம் அயன் ஏறக்குறைய 86 இருக்கும். கிணற்றில் சோடியம் அதைவிட மிகுந்து, காரத்தன்மையும் ஏறியிருந்தால் வேறொரு ஊற்றைத் தேடவேண்டும். மண்ணின் இயல்பும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும். ஆகவே ஆலையிலிருந்து விலகிய கிணறுகளையும் ஒப்பிட எடுக்கவேண்டும். வெளுக்கக் குளோரீன் பாவிக்கும் ஆலைகளில் டையொக்சின் போன்றவை உண்டாகி அடிச்சேற்றில் பல்லாண்டு தங்கும். அதற்கு நீரைப் பார்த்துப் பயனில்லை, வாவிச் சேற்றைத்தான் எடுக்கவேண்டும்.

ஆனால் எங்கே துளையிடுவது? பெரிய வளவு, ஒவ்வொரு துளைக்கும் ஒவ்வொரு சோதனைக்கும் காசு. அதனால் உலகெங்கும் இந்தத் துறை வல்லுநர்கள் மண்வெட்டிக்கு முன் வரலாற்றைத்தான் எடுக்கிறார்கள்: பழைய வரைபடம், வான்படம், வேலை செய்தவர்களின் வாய்மொழி. பொயிலர் எண்ணெய்த் தாங்கி எங்கே நின்றது? கொஸ்டிக் பீப்பாக்களை எங்கே இறக்கினார்கள்? பழைய ட்ரான்ஸ்போமர்களின் எண்ணெயை யார் மாற்றினார்கள், வடித்தது எங்கே போனது? இடிந்த கூரைத் தகடுகள் எந்தக் குழிக்குள் கிடக்கின்றன? இவற்றுக்கு விடை அப்பாவின் காலத்து ஆட்களிடம் இருக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சிஃப்டில் நின்றவர்கள். வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் இன்று மிகச் சிலரே மிச்சம். மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது. இடங்கள் மட்டும் மனதில் தெளிவாக இருக்கின்றன.

அடுத்த மாரிக்கு முன் அவர்களை வளவுக்குள் கூட்டிப்போய், சொல்லச் சொல்ல வரைபடத்தில் குறிக்கவேண்டும். பிறகு துளையிட்டு, வரும் பெறுபேறுகளைத் தமிழிலேயே பிரதேச சபை வாசலில் ஒட்டவேண்டும், கிணறு வாரியாக.