மோட்டார் சைக்கிளை விற்றுப் பறக்கப் போனவர்

ஒரு பையன் தன் மோட்டார் சைக்கிளை விக்கிறான். எதுக்குத் தெரியுமா? கண் டாக்டருக்கு ஃபீஸ் கட்ட.

அவர் பேரு இந்திரலால் ராய். 1898ல் கல்கத்தாவில் பிறந்து, லண்டனில் படிச்சவர். முதல் உலகப் போர் நடந்துக்கிட்டு இருந்த நேரம். பிரிட்டிஷ் ராணுவத்தோட விமானப் பிரிவுல சேரப் போனார். பார்வை சரியில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பெரிய கண் நிபுணர் ஒருத்தர் மறுபடி சோதிச்சு சரின்னு சொன்னதும் முடிவு மாறுச்சு. 1917ல் சேர்ந்துட்டார்.

அதே வருஷம் டிசம்பரில் அவர் ஓட்டின விமானம் விழுந்து பலத்த காயம். இனி பறக்க உடல் தகுதி இல்லைன்னாங்க. அவர் விடல. 1918 ஜூனில் பிரான்சுக்கு, 40ஆவது ஸ்குவாட்ரனுக்குப் போனார். ஜூலையில் 13 நாளுக்குள்ள 10 வெற்றிகள். அதில் சிலது சக விமானிகளோட சேர்ந்து.

அப்போ பிரிட்டிஷ் போர் விமானிகளுக்குப் பாராசூட் கிடையாது. ஜூலை 22, கார்வின் ஊருக்கு மேல நடந்த சண்டையில் அவர் விமானம் தீப்பிடிச்சு விழுந்துச்சு. வயசு 19.

செப்டம்பரில் டிஎஃப்சி என்ற வீர விருதை அறிவிச்சாங்க. அந்த விருது பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

ரெண்டு தடவை 'நீ பறக்க முடியாது'ன்னு சொன்னாங்க. ரெண்டு தடவையும் ஜெயிச்சார். ஒரு தடவை தோத்திருந்தா, ஒருவேளை பிழைச்சிருப்பார்.